மழை விட்டபின் வரும் கண்

மார்ச் 3, செவ்வாய்

போதும். ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இதைக் கேட்டால் என் மனைவி சிரிப்பாள். வீட்டில் நான் வாயை மூடியதே இல்லை, வெளியில்தான் மூடியிருந்தேன். இனி வெளியிலும் இல்லை.

இன்று காலை என் மைத்துனனின் கட்டுரை வந்தது. அவளுடைய ஒரே தம்பி, எங்கள் ஆய்வு நிலையத்தின் இயக்குநர். நான் அவனுக்கு இரண்டு மாடி கீழே, பழைய தரவுகளைக் காக்கிற பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். ஆய்விதழ் கட்டுரையை இணையத்தில் விவாதத்துக்கு வைத்திருக்கிறது. ஏப்ரல் இருபதுவரை யாரும் கருத்து எழுதலாம். பெயர் போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம்.

தலைப்பு: 'மலையை விட்டு இறங்கும் மழை'. செயற்கைக்கோள் அளவுகளின்படி பத்து வருஷத்தில் மலைப்பகுதி மழை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாம். சமவெளியில் கூடியிருக்கிறதாம். வேடிக்கை என்னவென்றால், மலைமேல் மேகம் மட்டும் குறையவில்லையாம். பூமியிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்வீச்சை அளந்தால், குளிர்ந்த உயர மேகம் பழையபடியே நிற்பது தெரிகிறதாம். மேகம் இருக்கிறது, மழை இல்லை. அதற்கு ஒரு பெயர் வேறு வைத்திருக்கிறான்: 'மலட்டு மேகம்'.

பிள்ளையில்லாத அக்காவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை எழுத இவனுக்கு எப்படிக் கை வந்தது?

மதியம் சிற்றுண்டிச் சாலையில் தராசு எதிரே வந்து உட்கார்ந்தார். நான் வைத்த பெயர் அது; எங்கள் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசை. எதையும் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்க்காமல் வாயைத் திறக்கமாட்டார். சம்பளம் வந்தால்கூட, "ஒரு வகையில சந்தோஷம்தான்" என்பார்.

"உங்க மச்சான் படம் பத்திரிகைல வந்திருக்கு, பாத்தீங்களா? ஒரு பக்கம் பெருமைதான். இன்னொரு பக்கம், அணைக் குழு இதை வச்சு விதிய மாத்தப் போறாங்களாம். மழைக்காலத்துக்கு முன்னாடி தண்ணிய இறக்கி இடம் விடுவாங்கல்ல, அது இனி தேவையில்லையாம். மே மாசம் முடிவு."

"அணைக்குக் கீழ ஒரு ஊரே இருக்குய்யா."

"அதான் சொல்றேன், இன்னொரு பக்கம்னு."

தேநீர் ஆறிப்போயிற்று.

மார்ச் 4, புதன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு வரியும் மாற்றமாட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். இயந்திரம் முடிந்ததும் ஒரு சின்ன ராகம் பாடும். அவள் இருந்தவரை எந்த அறையிலிருந்தாலும், "வர்றேன், வர்றேன், கத்தாத" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போவாள். இப்போது பாடிவிட்டுத் தானாக அணைந்துபோகிறது.

வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம். அவள் தம்பியின் மகள் பிறந்தநாள் விருந்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "இந்த வீட்டுக் கூரையே என் கணக்குல போட்டது" என்றேன். இருபது பேர் முன்னால். பொய்யா? அவனுக்குப் பெயர் வாங்கித் தந்த மழை வரைபடத்துக்காக எட்டு வருஷம் உழைத்தது நான். ஒவ்வொரு இடத்திலும் இந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்று காட்ட அதற்கு இணையாக இன்னொரு படமும் போட்டேன். அலுவலகத்தில் அதைச் 'சந்தேகப் படம்' என்பார்கள். இயக்குநர் ஆனதும் அவன் செய்த முதல் வேலை அந்தப் படத்தை எடுத்ததுதான். "சந்தேகத்தை யாருக்கு அத்தான் விக்க முடியும்?" என்று கேட்டான். அச்சில் வந்தபோது என் பெயர் ஆசிரியர்கள் வரிசையில் இல்லை. கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலில் இருந்தது. எனக்கு மேலே சிற்றுண்டிச் சாலைக் குத்தகைக்காரர், கீழே அச்சுப்பொறி பழுது பார்ப்பவர்.

விருந்தில் அவள் எல்லாருக்கும் பரிமாறி முடித்தாள். ஒரு வாரம் கழித்து இரண்டு பெட்டியோடு கூடத்தில் நின்றாள்.

"உங்ககூட இருக்கறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லைங்க. உங்க கோபத்துகூட இருக்க முடியல. ஆறு வருஷமா இந்த வீட்ல நாம மூணு பேரா இருக்கோம்."

போனது எங்கே? அவன் வீட்டுக்கு. எனக்கு அதுதான் தாங்கவில்லை. வேறு எங்காவது போயிருந்தால் அன்றைக்கே கூப்பிடப் போயிருப்பேன். போயிருப்பேனா?

மார்ச் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, பழைய தரவைத் திறந்ததுமே தெரிந்தது.

அந்தச் செயற்கைக்கோளை ஏவியபோது அது தினமும் பிற்பகல் இரண்டரை மணிக்கு எங்கள் தலைக்குமேல் கடந்தது. பாதையைச் சரிசெய்கிற எரிபொருள் தீர்ந்த பிறகு, வருஷத்துக்குக் கொஞ்சமாகப் பிந்திக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது கடப்பது ஐந்தரைக்கு மேல். மலையில் மழை உச்சிவெயிலுக்குப் பிறகு பிடிக்கும், நான்கு மணிக்கெல்லாம் விட்டுவிடும். ஆரம்பத்தில் கொட்டுகிற நேரத்தில் வந்த கண், இப்போது மழை விட்டபின் வந்து 'இங்கே மழை இல்லை' என்று எழுதிக்கொண்டு போகிறது. சமவெளியில் சாயங்காலம்தான் பிடிக்கும். அதை முன்பு பார்த்ததில்லை, இப்போது பார்க்கிறது. அதனால் 'கூடிவிட்டது'. மலட்டு மேகமும் இதுதான். மழை விட்டாலும் மேகத்தின் உச்சி மட்டும் விரித்த போர்வை மாதிரி மணிக்கணக்கில் மேலே கிடக்கும். கதிர்வீச்சு அளவி பார்ப்பது அந்தப் போர்வையை.

மழை எங்கும் இறங்கிப் போகவில்லை. பார்க்கிறவன்தான் பிந்தி வருகிறான்.

நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நாள் முழுவதையும் சொல்வதில் பிழை இருக்கத்தான் செய்யும். அது எங்கள் பிழைப்பு. சில பிழைகள் கூட்டக் கூட்டக் கரைந்துவிடும். ஒரே பக்கமாகச் சாய்ந்த பிழை மட்டும் நூறு வருஷம் கூட்டினாலும் கரையாது. இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், அவன் கல்லூரி முடித்துவிட்டு எங்கள் வீட்டில் தங்கியிருந்த காலத்தில், சாப்பாட்டு மேசையில். அவள் தட்டை எடுக்கக் காத்துக்கொண்டு நிற்பாள்.

சரிபார்க்க வழி இருக்கிறது. இன்னொரு செயற்கைக்கோள் சுற்றுகிறது. அதன் பாதை நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒன்றரை மாதத்துக்குள் ஒவ்வோர் இடத்தையும் எல்லா மணி நேரத்திலும் பார்த்துவிடும். அடிக்கடி பார்க்காது, அதன் பிழை பெரிது. ஆனால் சாய்வில்லாத பிழை. பத்து வருஷத்தை அதிலிருந்து எடுத்துக் கணக்கிட்டால் தெரிந்துவிடும்.

மார்ச் 15, ஞாயிறு

அவளே கூப்பிட்டாள். எட்டு மாதத்தில் மூன்றாவது தடவை. முதல் இரண்டும் எரிவாயு இணைப்புக்கும் மின்கட்டணத்துக்கும்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பாடு."

சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாள்!

"ஒருநாள் நேர்ல வாங்களேன். வீட்டுக்கு வேண்டாம், உங்களுக்குச் சங்கடம். என் ஆபீசுக்கு வாங்க. கொஞ்சம் பேசலாம்."

"வர்றேன். ஒரு கணக்கு கைல இருக்கு. அது முடியட்டும்."

"சரிங்க, முடியட்டும்" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

முடிந்தது. மலை மழை பத்து வருஷத்தில் நூற்றுக்கு மூன்று குறைந்திருக்கிறது, பிழை வரம்பு ஐந்து. அதாவது குறைந்ததா கூடியதா என்று எவனும் சொல்ல முடியாது. சமவெளியிலும் அதே கதை. கதிர்வீச்சையும் மழையையும் ஒரே மணி நேரத்தில் வைத்துப் பார்த்தால் மலட்டு மேகம் என்று ஒன்று இல்லவே இல்லை.

தராசு வரைபடங்களைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். "இதுக்கு இன்னொரு பக்கம் இல்லீங்க" என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை.

சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன், நிரம்பச் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 26, வியாழன்

அவன் அறைக்குப் போனேன். ஆறு வருஷத்தில் முதல்முறை. எழுந்து நின்று, "வாங்க அத்தான்" என்றான். அந்த மரியாதையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சொன்னேன். படங்களை மேசைமேல் வைத்தேன். அவன் தொடவில்லை.

"நேரம் தள்ளிப்போறது எங்களுக்குத் தெரியாதா அத்தான்? திருத்தம் போட்டுத்தான் கணக்கு பண்ணியிருக்கோம்."

"என்ன திருத்தம்? எந்த மணிக்கு எவ்வளவு மழைன்னு வெப்பமண்டலம் மொத்தத்துக்கும் ஒரே வளைவு. அதுல முக்கால்வாசி கடல். கடல்ல மழை விடிகாலைல பெய்யும். கடலோட நேரத்த வச்சு மலையத் திருத்தினா என்ன ஆகும்?"

அவனுக்குப் புரிந்தது. புரிந்த கணத்தை நான் பார்த்தேன், அவன் காதோரம் சிவந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பிறகு கேட்டான்: "இது கணக்கா அத்தான், கோபமா?"

"கணக்கு."

"ஆறு வருஷமா நீங்க என்னப் பத்திச் சொன்னது ஒவ்வொண்ணும் கோபம். இது மட்டும் கணக்குன்னு நான் எப்படி எடுத்துக்கறது? போய் எழுதுங்க. உங்க பேரப் பாத்ததும் எல்லாரும் சிரிப்பாங்க. நானும் ஒரு பக்கம் பதில் எழுதிடுவேன்."

"அணைக்குக் கீழ இருக்கறவங்களும் சிரிப்பாங்களா?"

"அக்காவ அழ வச்சது பத்தாதா உங்களுக்கு?"

படங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

அவள் அழுதாளா? எப்போது? நான் பார்த்ததே இல்லையே.

ஏப்ரல் 5, ஞாயிறு

கருத்துரையை எழுதி முடித்தேன். ஏழு பக்கம். நன்றிப் பட்டியலிலிருந்து ஆரம்பித்து, சந்தேகப் படத்தை எடுத்தது, கடல் வளைவு, மலட்டு மேகம் எல்லாம். கீழே என் முழுப் பெயர், பட்டம், பிரிவு. எழுதும்போது சுகமாக இருந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

தராசு படித்தார்.

"நல்லா இருக்கு. ஒரு பக்கம் பாத்தா…"

"சொல்லுங்க."

"இதுல கணக்கு எங்கங்க ஆரம்பிக்குது? நாலாம் பக்கமா?"

எரிச்சலாகப் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் பாவம், "வீட்ல காட்டுங்களேன். முன்னாடியெல்லாம் அவங்கதான உங்களுக்குத் திருத்துவாங்க" என்றார்.

உண்மைதான். பாடநூல் அச்சகத்தில் இருபது வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறாள். என்னுடைய எந்த அறிக்கையும் அவள் சிவப்புப் பேனா படாமல் போனதில்லை. விஞ்ஞானம் தெரியாது, ஆனால் எந்த வரியில் நான் கணக்கை விட்டுவிட்டுக் கத்துகிறேன் என்று தெரியும்.

ஏப்ரல் 9, வியாழன்

அச்சகத்துக்குப் போனேன். காலை பதினொரு மணி. வாசலில் இருந்த பெண் உள்தொலைபேசியில், "உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரு" என்றாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, படியில் இறங்கி வந்துவிட்டாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது. தலையில் நரை கூடியிருக்கிறது. நல்ல நீலத்தில் புடவை.

"வந்துட்டீங்களா" என்றாள்.

"ஒரு விஷயம். இதைக் கொஞ்சம் படிச்சுப் பாக்கணும் நீ."

தாள்களை நீட்டினேன். அவற்றை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் தன் சாமான்களை வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

தம்பியைப் பற்றியது என்பது முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பேனாவை எடுத்தாள். 'வழக்கம்போல', அடித்தாள். 'வெட்கமின்றி', அடித்தாள். 'யாருடைய உழைப்பைத் தின்று' என்ற பத்தி முழுவதும் குறுக்கே ஒரு கோடு. முதல் மூன்று பக்கத்தை மடித்து ஓரமாக வைத்தாள். கடல் வளைவு வந்த இடத்தில் நிறுத்தி, "இது புரியல, இன்னும் எளிமையா எழுதுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். படித்துத் தலையாட்டினாள். ஏழு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று.

கடைசியில் என் பெயர். அதை அடிக்கவில்லை. சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. மெய்ப்பில் சந்தேகம் வந்தால் அவர்கள் அப்படித்தான் போடுவார்கள். எழுதினவரே முடிவு செய்யட்டும் என்று அர்த்தம்.

"இது சரியா?" என்று கேட்டாள். "அவன் தப்பு பண்ணியிருக்கானா?"

"ஆமா. வேணும்னு இல்ல. ஆனா தப்பு."

"அந்த ஊருக்கு ஆபத்து வருமா?"

"ஒரு வருஷம் இல்லைன்னாலும் ஒரு வருஷம் வரும்."

தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினாள். "அம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு. நான்தான் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்புவேன். அவன எனக்குத் தெரியும். யாரோ ஒருத்தர் சொன்னா திருத்திக்குவான். நீங்க சொன்னீங்கன்னா சாகறவரைக்கும் திருத்திக்க மாட்டான். நீங்களும் அப்படித்தான்."

தாள்களை வாங்கிக்கொண்டேன்.

"இதுக்குத்தான் வந்தீங்களா?" என்றாள்.

"ஏப்ரல் இருபதோட விவாதம் முடியுது. அதான் அவசரமா…"

"சரி. நான் மேல போறேன். வேலை கிடக்கு."

சாமான்களை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று பேருந்தில் வரும்போது தோன்றியது. பாதி வழியில், ஒரு சிக்னலில்.

அவள் பக்கத்து நாற்காலியில் வைத்த சாமான்கள் என்ன? கைப்பை. குடை. மதியச் சாப்பாட்டு டப்பா.

பதினொரு மணிக்கு, கீழே வந்திருக்கும் ஆளைப் பார்க்க எவராவது கைப்பையும் குடையும் சாப்பாட்டு டப்பாவும் எடுத்துக்கொண்டு இறங்குவார்களா? அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறாள். நான் கூப்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். அதுதான் மூச்சு வாங்கியிருக்கிறது. நான் பேப்பரை நீட்டினேன். அரை மணி நேரம் என் கண்முன்னாலேயே இருந்தது அந்தப் பை. பார்த்தேன். பாத்தேனே! என்ன பாத்தேன்?

அய்யோ.

ஏப்ரல் 11, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"இப்ப வரட்டுமா? கூட்டிட்டு வர."

"இப்ப எதுக்குங்க?"

"அன்னிக்கு நீ பையோட வந்தே. நான்… கவனிக்கல."

அவன் வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டுகிற சத்தம்.

"அதெல்லாம் இல்லைங்க. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. அதான் குடைய எடுத்தேன்."

"பை?"

"குடை எடுத்தா பையும் கூடவே வந்துடும்." சிரிக்கப் பார்த்தாள். "பரவாயில்லைங்க. எனக்கு உங்கமேல வருத்தமில்ல. வருத்தம் இருந்தவரைக்கும் வரணும்னு இருந்துச்சு. அன்னிக்குப் படியேறிப் போறப்ப பாத்தா, அது இல்ல. லேசா இருக்கு. இப்படியே இருந்துடறேன்."

"நான் மாறிடறேன்."

"மாறுங்க. நல்லதுதான். வேளைக்குச் சாப்பிடுங்க."

ஒன்பதாம் தேதி வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூடக் கிடையாது. எனக்குத் தெரியாதா? அன்றைய படங்கள் எல்லாம் என் மேசையில்தான் இருக்கின்றன. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுத்தமான வானம்.

ஏப்ரல் 15, புதன்

தராசு தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். இரண்டு பக்கமும் நிறுத்திருப்பார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அவள் திருத்திய ஒன்றரைப் பக்கத்தைத் தட்டச்சு செய்தேன். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. 'அன்புள்ள ஆசிரியர்களுக்கு' என்று ஆரம்பிக்கிறது. கடக்கும் நேரம் பிந்தியதையும், கடலின் வளைவு மலைக்குப் பொருந்தாததையும், எல்லா மணி நேரங்களையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு மறைந்துவிடுவதையும் சொல்கிறது. இரண்டு வரைபடம். அணை விதியை மாற்றுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது என்று ஒரு வரி. வேறொன்றும் இல்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. ஆறு வருஷம் மனசில் வைத்திருந்தது ஒன்றுகூட அதில் இல்லை. படித்தால் யாரோ ஒரு நிதானமான ஆள் எழுதியது மாதிரி இருக்கிறது. அப்படி ஓர் ஆள் இந்த வீட்டில் இருந்திருந்தால் அவள் போயிருக்கமாட்டாள்.

துணி இயந்திரம் பாடியது. "வர்றேன்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. துணிகளை எடுத்து உலர்த்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

பெயர் போட்டால்? நான் ஜெயிப்பேன். ஒரு வருஷம் வாதாடி, நிலையத்தில் எல்லாரும் இரண்டு கட்சியாகி, கடைசியில் நான் ஜெயிப்பேன். அதற்குள் மே வந்து போயிருக்கும், அணைக் குழு கூடிக் கலைந்திருக்கும். அவன் தன் அக்காவைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் என் ஞாபகம் வந்து முகம் திருப்புவான். அவளுக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான்.

யாரோ ஒருத்தர் சொன்னால் திருத்திக்கொள்வான். யார் என்று அவனுக்குத் தெரிந்தாலும், பெயர் இல்லாவிட்டால் தெரியாத மாதிரி திருத்திக்கொள்ளலாம்.

ஏப்ரல் 20, திங்கள்

இன்று கடைசி நாள். அலுவலகத்துக்குப் போகவில்லை. படிவத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். வரைபடங்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்தேன். கடைசியாக இரண்டு கட்டம்: 'பெயருடன்', 'பெயரில்லாமல்'.

மேசைமேல் அவள் திருத்திய தாள் இருக்கிறது. என் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஓரத்தில் கேள்விக்குறி. எத்தனையோ வருஷம் அவள் போட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் ஓரத்தில், 'இருக்கட்டும்' என்று எழுதித்தான் திருப்பிக் கொடுப்பேன். ஒருமுறையும் விட்டுக்கொடுத்ததில்லை.

பேனாவை எடுத்து, வட்டத்துக்குள் இருந்த பெயரை நானே அடித்தேன். ஓரத்தில், 'வேண்டாம்' என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அனுப்பப் போகிறேன்.